கிடாக்கொம்பு விடுதிக்கு ஓர் ஆள்

கிடாக்கொம்பு விடுதி,
ஹார்த்கில் கணவாய், கம்பர்லாந்து
3 செப்டம்பர் 1961

அன்புள்ள எட்வின் அண்ணாவுக்கு,

உன் இருமல் எப்படி இருக்கிறது? கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் டாக்டர் வேறு எப்படிச் சொல்வார்? எனக்கு இடுப்பைத் தவிர எல்லாம் சுகம். நிலவறையிலிருந்து பீர்க் கூஜாவைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது மட்டும் அது முனகுகிறது.

ஒரு செய்தி. எஸ்டேட் ஏஜென்ட் பிக்தால் போன வாரம் வந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதிலேயே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. "தப்பா நினைக்காதீங்க மிஸ் டைசன். பனிக்காலத்துல, இந்த மலை மேல, இந்த வயசுல தனியா ஒரு பொம்பள... எஸ்டேட்டு பயப்படுது" என்றார். மார்ச் இருபத்தைந்தாம் தேதி, மாதா தினத்தன்று குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு, வீட்டோடு தங்குகிற இன்னோர் ஆளின் பெயரும் பத்திரத்தில் இருக்க வேண்டுமாம். கிறிஸ்துமஸுக்குள் பெயர் தராவிட்டால் விடுதி வேறு கைக்குப் போகும். தாத்தா காலத்திலிருந்து நாம் நடத்துவதால்தான் இவ்வளவு அவகாசம் தருகிறார்களாம்.

நீ இதற்காகக் கவலைப்படாதே. உனக்கும் தெரியட்டுமே என்று எழுதினேன்.

வழி தவறிய ஆடுகளை உரியவரிடம் சேர்க்கிற மேய்ப்பர் கூட்டம் இந்த நவம்பரில் நம் விடுதியில் நடக்கிறது. மார்ஜரி அண்ணி போன பிறகு நீ இங்கே வரவே இல்லை. முடிந்தால் வா. சிரமம் என்றால் வேண்டாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
ஹெஸ்தர்


வொர்திங், சஸ்ஸெக்ஸ்
12 செப்டம்பர் 1961

அன்புள்ள ஹெஸ்தர்,

பகலில் இருமல் இல்லை. உன் இடுப்புக்குச் சூடாக உப்பு ஒத்தடம் கொடு. கூஜாவை ஜாண்ட்டி பிர்கெட்டைத் தூக்கச் சொல். அவ்வளவு குடிக்கிறவன் கொஞ்சம் சுமக்கவும் செய்யட்டும்.

பிக்தால் சொன்னது மனத்தை வருத்தியது. இரண்டாவது பெயருக்கு ஏற்கெனவே யாரையாவது நினைத்து வைத்திருப்பாய். அப்படியானால் நேராகக் கேட்டுவிடு. ஓர் உதாரணம் சொல்கிறேன், வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள். என் வகுப்பில் க்ராப்ட்ரீ என்று ஒரு மாணவன் இருந்தான். எந்தக் கேள்விக்கும் கை தூக்க மாட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து முழுப் பதிலையும் சொல்வான். "தெரிஞ்சிருந்தும் ஏன்டா கை தூக்கல?" என்று ஒரு நாள் கேட்டேன். "நீங்க என்னைக் கேக்கலையே சார்" என்றான். உலகத்தில் பாதிப் பேர் இப்படித்தான் பதிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

என் நாட்கள் எப்படியோ போகின்றன. புதன்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழு. மற்ற நாட்களில், கீழ்வீட்டு மிஸஸ் லேசி துடைப்பக் கட்டையால் மேலே இடிக்கும்வரை பியானோ. சாயங்காலம் கடலைப் போய்ப் பார்க்கிறேன். எனக்கும் அதற்கும் பேச ஒன்றும் இல்லை.

சமையலறைக்கு மேலே இருக்கிற பின்னறையில் இன்னும் ஈரம் ஊறுகிறதா? சும்மாதான் கேட்டேன்.

உனக்கு இடைஞ்சல் இல்லையென்றால் கூட்டத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
எட்வின்


கிடாக்கொம்பு
1 அக்டோபர் 1961

அன்புள்ள அண்ணா,

ஒத்தடத்துக்கு இடுப்பு கேட்கிறது. கடிதத்தை வில்சன் கிழவருக்குப் படித்துக் காட்டினேன். கடல் பற்றிய வரிக்குச் சிரித்தார். ஆனால் உன்னைப் பற்றி விசாரித்தபோது சிரிக்கவில்லை.

பின்னறை இப்போது நன்றாகக் காய்ந்துவிட்டது. கூரையோரத் தூம்பில் இருந்த ஓட்டையை ஜாண்ட்டி அடைத்துக் கொடுத்தான். அறை சும்மா கிடக்கிறதே என்று சுண்ணாம்பு அடித்தேன். அடித்த பிறகு ஜன்னல் அழுக்காகத் தெரிந்தது, துடைத்தேன். துடைத்த பிறகு திரை பழசாகத் தெரிந்தது. இப்படியே ஒரு வாரம் போய்விட்டது. அம்மாவின் மேசையை ஜன்னலோரம் நகர்த்திப் போட்டிருக்கிறேன். எழுதப் படிக்கிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டுமே.

"யாருக்கு இந்த அரண்மனை? ராணி வர்றாங்களா?" என்று வில்சன் கேட்டார். "வந்தாங்கன்னா முதல்ல உம்மையும் உம்ம நாயையும் வெளிய அனுப்பிட்டுத்தான் கதவைத் தொறப்பேன்" என்றேன்.

நீ சொன்னபடி நேராகக் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் கேட்கப்பட்டவர் மறுக்க முடியாமல் சரி என்று சொல்லிவிட்டால்? நல்ல மனிதர்களிடம் இருக்கிற கஷ்டமே அதுதான். தானாக வந்தால் வரட்டும் என்று இருக்கிறேன்.

தடித்த காலுறைகள் கொண்டு வா.

ஹெஸ்தர்


வொர்திங்
24 அக்டோபர் 1961

அன்புள்ள ஹெஸ்தர்,

நலம்தானே? கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, வியாழக்கிழமை மதிய ரயிலில் வருகிறேன். ஜாண்ட்டியை நிலையத்துக்கு அனுப்பினால் போதும், நீ அலையாதே. பெட்டி கொஞ்சம் பெரிதாக இருக்கும். பார்த்துப் பயந்துவிடாதே. குளிர்காலம் அல்லவா, துணிகள் இடத்தை அடைக்கும்.

எனக்கென்று தனியாக ஒன்றும் சமைக்காதே.

எட்வின்


வொர்திங்
27 நவம்பர் 1961

அன்புள்ள ஹெஸ்தர்,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் சளி பிடித்தது, இப்போது குறைந்திருக்கிறது. கூட்டத்து வேலைக்குப் பிறகு உன் இடுப்பு என்ன சொல்கிறது?

அன்றைக்கு நீ அடுப்படிக்கும் நிலவறைக்கும் ஓடிக்கொண்டே இருந்தாய். உன் விடுதியில் நடந்ததில் பாதி உனக்கே தெரியாது. அதை நான் எழுதிவிடுகிறேன்.

காலையில் பின்கட்டுப் பட்டியில் தப்பி வந்த ஆடுகளை அடைத்தபோது நானும் மதில்மேல் சாய்ந்து நின்றேன். மூடுபனியில் ஆடு எது, ஆள் எது என்று தெரியவில்லை. ஒவ்வோர் ஆட்டையும் இழுத்து வந்து, யாருடையது என்று காட்டும் காதுவெட்டையும் முதுகுச் சாயத்தையும் காட்டினார்கள். யாராவது ஒருவர் "என்னோடது" என்றார். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. நாற்பது வருஷம் வகுப்பெடுத்த எனக்கு, ஒரே ஒரு சொல்லில் ஒரு காரியம் முடிவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷமாக இருந்தது.

மத்தியானம் எல்லாரும் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். உயர்ந்த முதுகு வைத்த பெஞ்சில், கணப்புக்குப் பக்கத்து நல்ல இடத்தில் வில்சனின் நாய் படுத்திருந்தது. அதை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை, அதனால் நான்கு பேர் நின்றார்கள். மலையேற வந்த ஒரு நகரத்து ஆள் முதுகுப்பையோடு நுழைந்து, கல் தரையையும் சுவரில் மாட்டியிருந்த கிடாக்கொம்பையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாப்பிட என்னென்ன இருக்கு?" என்றான்.

"ரெண்டு வகை இருக்கு தம்பி" என்றார் வில்சன். "ஒண்ணு, வேணும். இன்னொண்ணு, வேணாம்."

அவன் 'வேணும்' என்றான். நீ அடுப்படிச் சுவர்த் துவாரம் வழியாக ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் ரத்தப் பொரியலும் போட்ட தட்டை நீட்டினாய். மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு அவன் மலையேறாமலே திரும்பிப் போனான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் பாடினார்கள். பாட்டு முடிந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியும், இருந்தாலும் எழுதுகிறேன். ஜாண்ட்டி என் கோட் காலரைப் பிடித்து நடுக்கூடத்தில் நிறுத்தினான். "பொறுங்கப்பா, பொறுங்க! பட்டியில ஒண்ணு மிஞ்சிருச்சு. இது யாரோடது?"

"காதப் பாரு."

"வெட்டு இல்ல. மயிருதான் மொளச்சிருக்கு."

"சாயம்?"

"முதுகுல இல்ல. மூக்குல கொஞ்சம் செவப்பு இருக்கு."

"பல்லப் பாத்தா வயசு தெரிஞ்சிரும்."

"அட, பல்லு அவரோடதே இல்லப்பா, கடையில வாங்குனது!"

கூடமே அதிர்ந்தது. நானும் வாயைத் திறந்து காட்டினேன். அப்போது வில்சன் துவாரத்தின் பக்கம் திரும்பி, "ஏ ஹெஸ்தர்! இந்த வாத்தியாரு உங்க பட்டியில பொறந்ததுதானே? உன்னோடதுன்னு சொல்றியா, இல்ல வெளிய விட்டுரட்டுமா?" என்றார்.

நீ கூஜாவோடு நின்றிருந்தாய். "அது தெக்கத்தி மந்தைக்குப் போயி ரொம்ப நாளாச்சு. திருப்பி அனுப்பிருங்க, அங்க தேடுவாங்க" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நீ சொன்னதுதான் சரி. ஒவ்வொன்றும் அதனதன் மேய்ச்சலுக்குத் திரும்பத்தானே கூட்டமே போடுகிறார்கள். செவ்வாய்க்கிழமை தபால் வண்டியில் ஏறும்போது, "பனி விழறதுக்குள்ள போறது நல்லதுதான்" என்றாய். அதுவும் சரிதான்.

பின்னறை மிக வசதியாக இருந்தது. மேசைக்கு வெளிச்சம் நன்றாக வருகிறது. வரப்போகிறவர் யாரோ, அவருக்கு அது பிடிக்கும்.

அன்புடன்,
எட்வின்


கிடாக்கொம்பு
11 டிசம்பர் 1961

அன்புள்ள அண்ணா,

சளிக்கு வெங்காயமும் தேனும் சாப்பிடு. இங்கே முதல் பனி விழுந்து கணவாய் இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது. நான் சுகம்.

நீ அந்த நாளை எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். நான் சமைத்துக்கொண்டிருந்த வீட்டில் இவ்வளவு நடந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது.

"வாத்தியாரு ஏன் அதுக்குள்ள போயிட்டாரு?" என்று வில்சன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். "அவருக்குப் பாட்டுக் குழு இருக்கு, கடல் இருக்கு, இந்த ஈரத்துல கெடந்து சாகணுமா?" என்று சொல்லி வைத்தேன்.

இருபதாம் தேதி பிக்தால் வருகிறார். அவரிடம் சொல்ல என்னிடம் இன்னும் பெயர் இல்லை. உனக்கு ஏதாவது யோசனை தோன்றினால் அதற்குள் ஒரு வரி எழுது. தோன்றாவிட்டால் பரவாயில்லை.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். மிஸஸ் லேசிக்கும் சொல்.

ஹெஸ்தர்


வொர்திங்
9 ஜனவரி 1962

அன்புள்ள ஹெஸ்தர்,

புத்தாண்டு வாழ்த்துகள். உன் கடிதத்துக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னித்துவிடு. பிக்தால் வந்து போயிருப்பார். நீ எதை முடிவு செய்திருந்தாலும் யோசித்துத்தான் செய்திருப்பாய்.

இங்கே வீட்டை மறுபடி ஒழுங்கு செய்வதில் நாட்கள் போயின. புதிதாகத் தேநீர்க் கெட்டில் ஒன்று வாங்கினேன். பழையதை அக்டோபரிலேயே மிஸஸ் லேசிக்குக் கொடுத்துவிட்டேன், இப்போது திருப்பிக் கேட்பது அழகில்லை. பியானோ இருந்த இடம் காலியாக இருப்பதால் அறை பெரிதாகத் தெரிகிறது. அதுவும் ஒரு வசதிதான். மிஸஸ் லேசிக்கு நிம்மதி. பாடகர் குழுவில் என் இடத்துக்கு வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். நல்ல குரல். போய்க் கேட்டேன்.

நெஞ்சு பரவாயில்லை. உன் இடுப்பு?

எட்வின்


கிடாக்கொம்பு
18 ஜனவரி 1962

அன்புள்ள அண்ணா,

என் இடுப்பை விடு.

ஐந்து நாள் விருந்துக்குப் புறப்படுகிறவன் எதற்காகக் கெட்டிலைத் தானம் செய்கிறான்? பியானோவை எதற்காக விற்கிறான்? பாட்டுக் குழுவில் தன் இடத்தை எதற்காக விடுகிறான்? இன்று காலை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெரிய பெட்டியில் இருந்தது குளிர்காலத் துணி இல்லை, உன் வீடு. நீ தங்க வந்தாய்.

சொல்லியிருக்கக் கூடாதா? சுண்ணாம்பு அடித்தேன், திரை தைத்தேன், மேசை போட்டேன். அந்த அறை யாருக்கு என்று நினைத்தாய்?

வில்சன் கேட்டபோது நான் ஏன் அப்படிச் சொன்னேன் தெரியுமா? என் நாக்கு நுனியில் "என்னோடது" என்ற சொல்தான் நின்றது. உன்னைப் பார்த்தேன். பளபளக்கும் ஷூ, நல்ல கழுத்துத்துண்டு. அத்தனை பேர் முன்னால் நான் உன்னைக் கேட்டுவிட்டால், பிடிக்காவிட்டாலும் நீ மறுக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்து நாலு பேர் முன்னால் நீ யாருக்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. அதனால் உனக்கு வழி விடுவதாக நினைத்துக்கொண்டு அப்படிச் சொன்னேன்.

டிசம்பர் இருபதாம் தேதி பிக்தாலிடம், "நாளைக்குத் தபால் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன். மறுநாளும் கேட்டார். புத்தாண்டு வரை பொறுத்தார், நல்ல மனிதர். தபால் வரவில்லை. நான்காம் தேதி கையெழுத்துப் போட்டேன். பிரெஸ்டனிலிருந்து ஓர் இளம் தம்பதி வருகிறார்கள். எனக்கு, கீழே கிராமத்தில், தேவாலயத்துக்குப் பின்னால் எஸ்டேட் ஒரு வீடு தருகிறது. ஓர் அறை, ஓர் அடுப்பு. பிக்தாலிடம் நேற்றுப் போய்க் கேட்டும் பார்த்தேன். பத்திரம் பதிவாகிவிட்டதாம்.

ஹெஸ்தர்


வொர்திங்
27 ஜனவரி 1962

அன்புள்ள ஹெஸ்தர்,

ஆமாம். தங்கத்தான் வந்தேன்.

முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போதே சொல்லிவிட நினைத்தேன். நீ சூப்பை ஊற்றிக்கொண்டே, "எப்போ திரும்பணும்?" என்றாய். வருகிற விருந்தாளியிடம் யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது. பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பிறகு கூட்டம் வந்தது.

டிசம்பரில் உன் கடிதம் வந்தபோதும் எழுத உட்கார்ந்தேன். "என் பெயரைக் கொடு" என்று மூன்றே சொல் எழுத வேண்டும். ஒருவேளை நீ வேறு யாரையாவது மனத்தில் வைத்துக்கொண்டு, அவர் சம்மதிக்காததால் என்னைக் கேட்கிறாயோ என்று தோன்றியது. அப்படியானால் நான் உன்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் ஆகும். எழுதிக் கிழித்தேன், எழுதிக் கிழித்தேன். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்வேன்: தவறான விடையாவது எழுதுங்கள், வெற்றுத் தாளுக்கு மதிப்பெண் கிடையாது என்று. நான் உனக்கு வெற்றுத் தாளைக்கூட அனுப்பவில்லை.

உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீயும் வைத்துக்கொள்ளாதே. இந்த வீட்டைப் புது ஒப்பந்தத்தில் ஒரு வருஷத்துக்கு எடுத்துவிட்டேன். உன் வீட்டில் ஓர் அறை, என் வீட்டில் ஓர் அறை. நமக்கு வேண்டியிருந்தது அந்தக் கணவாயும் கணப்பும் குனிந்து வருகிற மனிதர்களும் அல்லவா.

மாதா தினத்தன்று சாமான் ஏற்றும்போது உதவிக்கு ஆள் வேண்டுமா?

எட்வின்


கிடாக்கொம்பு
4 பிப்ரவரி 1962

அண்ணா,

வேண்டும். வா. சிரமமாக இருந்தாலும் வா. அந்தக் கதவை நான் தனியாக மூட விரும்பவில்லை.

ஹெஸ்தர்


வொர்திங்
20 மார்ச் 1962

அன்புள்ள ஹெஸ்தர்,

இதை மிஸஸ் லேசி எழுதுகிறார், நான் சொல்லச் சொல்ல. பழைய இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் ஏப்ரல் முடியும்வரை படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பயணச்சீட்டுகூட வாங்கியிருந்தேன். 'சிரமமாக இருந்தாலும் வா' என்று நீ எழுதிய ஒரே தடவை இது.

கதவை ஜாண்ட்டியை மூடச் சொல். நீ பின்னால் திரும்பிப் பார்க்காதே.

எட்வின்


தேவாலயச் சந்து, ஹார்த்கில் கிராமம்
15 ஏப்ரல் 1962

அன்புள்ள அண்ணா,

உட்கார்ந்து சாப்பிடுகிறாய் என்று மிஸஸ் லேசி எழுதியிருந்தார். மனம் லேசானது. கறிச் சாற்றில் பார்லி போட்டுக் குடி. என் வீடு சூடாக இருக்கிறது, படிகளே இல்லை, இடுப்பு சும்மா இருக்கிறது. செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

கதவை நானே மூடினேன். அதைப் பற்றி எழுத வரவில்லை.

நேற்று மத்தியானம் வில்சன் வந்து, "வா, ஒரு எட்டு போயிட்டு வருவோம். நீ வராம அந்தப் பெஞ்சுல நாய்கூட உக்கார மாட்டேங்குது" என்று பிடிவாதம் பிடித்தார். ஜாண்ட்டியின் வண்டியில் போனோம். அடுப்படிக் கதவை நோக்கி என் கால் தானாகப் போயிற்று. வில்சன் கையைப் பிடித்து முன்பக்கமாகக் கூட்டிப் போனார். அந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக, விருந்தாளியாக, நான் நுழைந்ததே இல்லை. சுவர்த் துவாரத்தை இடித்துவிட்டு, பானம் பரிமாற நீளமாக ஒரு பலகை மேடை போட்டிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது.

புதுக் குத்தகைக்காரன் பெயர் ராய். தங்கமான பிள்ளை. என்னைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். "வாங்கம்மா, வாங்க! இன்னைக்கு நீங்க உக்காருங்க, நான் தர்றேன். என்ன வேணும் உங்களுக்கு? எதுவானாலும் கேளுங்க."

எனக்குத் தெரியவில்லை அண்ணா. வில்சனுக்கு என்ன, ஜாண்ட்டிக்கு எந்தக் குவளை, எந்தப் பாதிரியார் எதில் தண்ணீர் கலப்பார் என்பதெல்லாம் தெரியும். எனக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தேன், ஒன்றுமே வரவில்லை. அவன் புன்னகையோடு காத்துக்கொண்டே நின்றான். பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"உனக்கு எது சுலபமோ அது போதும் தம்பி" என்றேன்.

சிவப்பாக ஏதோ கொண்டுவந்து வைத்தான், மேலே ஒரு குச்சியில் பழம் குத்தி. இருமல் மருந்தில் சர்க்கரை கலந்ததுபோல் இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். முழுவதையும் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கு" என்றேன்.

உடனே சந்தோஷமாக ஓடிப்போய் இன்னொன்று கொண்டுவந்தான். அதையும் குடித்தேன்.

உன் தங்கை,
ஹெஸ்தர்